நடுவுல மாட்டப் போற படம்

கொஞ்சம் காலை மடக்கிக்கங்க சார், இது சாயக் கூடாது. கண்ணாடி இல்ல, படம். என் சம்சாரம் வரைஞ்சது. நாலடிக்கு மூணடிதான், போர்வை சுத்தியிருக்கறதால பெருசாத் தெரியுது. கண்டக்டர் இதைப் பின்னாடி டிக்கியில போடுன்னான். டிக்கியில நாலஞ்சு மூட்டை வெங்காயம் கிடக்கு, நானே பார்த்தேன். ஏம்ப்பா, நாளைக்குப் பாண்டிச்சேரியில கண்காட்சி ஹாலுக்கு நடுவுல மாட்டப் போற படம்ப்பா, வெங்காய நாத்தத்தோட மாட்டினா வர்றவங்க கண்ணுல எல்லாம் தண்ணி வரும், அப்புறம் அந்த அழுகைக்கும் நான்தான் அர்த்தம் சொல்லணும்னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். நீங்க அந்த ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டா நான் இந்த ஓரத்தைப் பிடிச்சுக்குவேன். நீங்களும் பாண்டிதானே? நல்லதாப் போச்சு. கும்பகோணத்துலேர்ந்து பாண்டி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்கார்ந்து போறதுங்கறது என்னால ஆகாத காரியம்.

கலியபெருமாள்னு பேரு. ரிட்டயர் ஆயாச்சு. அரசாங்க வேலைதான், ஆனா என்ன வேலைன்னு சொன்னா ஜனங்க சிரிப்பாங்க. படத்துக்குக் கீழே வரி எழுதுறது. அமைச்சர் வருவாரு, கலெக்டர் வருவாரு, போட்டோகிராபர் எடுப்பாரு. அடியில என்ன நடக்குதுன்னு நான் எழுதிப் பேப்பருக்கெல்லாம் அனுப்பணும். லேசா நினைக்காதீங்க சார். அமைச்சர் குனிஞ்சு ஒரு மரக்கன்னைப் பிடிச்சுக்கிட்டிருக்காரு. 'மரக்கன்றை நட்டுவைத்தார்'னு நான் எழுதினாத்தான் அது நடுறது. எழுதலேன்னா பிடுங்குறாருன்னு சொல்லிட்டுப் போயிடுவான் எதிர்க்கட்சிக்காரன். ஒரு தடவை நான் காய்ச்சல்னு லீவு போட்டுட்டேன். ஆடு வழங்குற விழா. எனக்குப் பதிலா எழுதினவரு, 'இடமிருந்து வலமாக நான்காவதாக நிற்பவர் சட்டமன்ற உறுப்பினர்'னு எழுதி அனுப்பிட்டாரு. நாலாவதா நின்னது ஆடு.

அதுலேர்ந்து எனக்கு ஒரு கொள்கை. வரி இல்லாத படம் அனாதை. அதைப் பார்க்கறவன் அவன் இஷ்டத்துக்கு என்னத்தையாவது நினைச்சுட்டுப் போயிடுவான். அப்படி விடலாமா? விடக் கூடாது.

என் சம்சாரம் செண்பகவல்லி. பொண்ணுங்க ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்தா. மாம்பழம், மூணு மலைக்கு நடுவுல சூரியன், இதெல்லாம் சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்து அலுத்துப் போயி, வேலையை விட்டதுக்கு அப்புறம் வீட்டுலயே கொல்லைப்பக்க ரூமுல பெரிய பெரிய துணியா மாட்டி வரைய ஆரம்பிச்சா. நானும் அதே சமயத்துல ரிட்டயர் ஆகி வீட்டுல உக்கார்ந்துட்டேனா, தனியா வரைஞ்சா அவளுக்குப் போரடிக்குமேன்னு, ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கிட்டு அவ எதிர்க்கவே உக்கார்ந்துக்குவேன். அவ வரைவா, நான் பேசிக்கிட்டிருப்பேன். ஆபீஸ் கதை, ஊர்க் கதை, எந்தக் கலரைப் போடணும், எதைப் போடக் கூடாது, எல்லாம்தான். அவ குறுக்கப் பேசவே மாட்டா. என் முகத்துலேர்ந்து கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே வரைவா சார். நான் பேசப் பேச அவ கை போற வேகத்தைப் பார்க்கணுமே. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சும் புருஷன் பேச்சை இவ்வளவு ஆசையாக் கேக்கறவ எந்த ஊர்ல இருக்கா, சொல்லுங்க.

அப்போ வரைஞ்சதுதான் அந்த வரிசை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நடுவுல கறுப்பா ஒரு பெரிய வட்டம். அதுக்குள்ள மேலயும் கீழயும் விளிம்பை ஒட்டினாப்ல வரிசையா வெள்ளைக் கட்டம். மேல் வரிசையில இடது பக்கம் ஒரே ஒரு கட்டம் மட்டும் தங்கக் கலர். வட்டத்துக்கு மேல ரெண்டு பக்கமும் வளைஞ்சு இறங்குற மாதிரி அடர்த்தியா ஒரு கறுப்புப் புதர். அந்தப் புதருக்கும் பாருங்க, அடியில மட்டும் ஒரு நூல் அளவுக்கு வெள்ளை. எவ்வளவு நுணுக்கம்.

என்ன சார் என் மீசையையே பார்க்கறீங்க? டை அடிச்சுப் பதினஞ்சு நாளாச்சு, அடியில வெளுத்திருக்கும். பாண்டியில இறங்கினதும் அடிச்சுக்கணும். சிரிக்காதீங்க. பல்லு தங்கம்தான், ஒரிஜினல். எங்கப்பா கட்டிவிட்டது.

சரி, கதைக்கு வர்றேன். மெட்ராஸ்ல பத்துப் பேரு சேர்ந்து ஒரு கண்காட்சி. இவ படத்துலயும் ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. குத்துவிளக்கு ஏத்தி, ஆளுக்கொரு சமோசா குடுத்து, அப்புறம் ஒவ்வொரு ஓவியரா மைக்குல வந்து, எனக்கு எங்கேர்ந்து உந்துதல் வந்துச்சு, நான் எதுக்காக வரையறேன்னு சொல்லணும். இதை முன்னப்பின்னக் கேட்டிருக்கீங்களா சார்? ஒரு தடவை கேக்கணும். மொதல்ல ஒருத்தர் வந்தாரு, தாடி, எருமையாவே வரையறவரு. 'எருமையை நான் வரையல, எருமை என் மூலமா தன்னை வரைஞ்சுக்குது'ன்னாரு. அப்போ விக்கிற காசை எருமைகிட்டக் குடுத்துடுவீங்களான்னு கேக்க நாக்கு துடிச்சுது, அடக்கிக்கிட்டேன். அடுத்து ஒரு அம்மா. பழைய சிமெண்டு சாக்கைப் பிரிச்சுச் சட்டத்துல அடிச்சு மாட்டியிருந்தாங்க. 'இது இந்த நகரத்தின் பெருமூச்சு'ன்னாங்க. மூச்சு என்னவோ உண்மைதான், பக்கத்துல நின்னவரு தும்மிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரு பையன், துணியில ஒண்ணுமே வரையாம வெள்ளையா விட்டுட்டு, மைக் முன்னாடி வந்து நின்னு அழுதுட்டுப் போயிட்டான். பேப்பர்காரங்க எல்லாரும் அதைத்தான் எழுதிக்கிட்டாங்க.

கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. எனக்கு அங்க உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு நாள் எருமை எருமையா இருந்துச்சு, அவரு ரெண்டு வரி சொன்னாரு, அது வேற என்னவோ ஆயிடுச்சு பார்த்தீங்களா. நான் முப்பது வருஷம் அமைச்சருக்குச் செஞ்சதைத்தானே இவங்க எருமைக்குச் செய்யறாங்க. நம்ம தொழில்தான்யா இதுன்னு தோணிப் போச்சு.

அடுத்து செண்பகம். மைக்கைப் பிடிச்சா. 'இந்தக் கறுப்பு எனக்கு ரொம்ப நாளாப் பழக்கம். தினமும் எதிர்லயே இருக்கு. அதான் போட்டேன்'னா. அவ்வளவுதான். இறங்கப் போயிட்டா.

ஹாலே கப்சிப். எனக்கு மானம் போச்சு சார். எருமைக்காரருக்குக் கைதட்டின கூட்டம் என் பொண்டாட்டிக்குச் சும்மா உக்கார்ந்திருக்கு. பொறுக்க முடியுமா? எழுந்து விறுவிறுன்னு போயி மைக்கை வாங்கிட்டேன். இது வட்டம் இல்ல, காலம். நம்ம கும்பகோணத்துக் குளம் மாதிரி ஆழம் தெரியாத காலம். இந்த வெள்ளைக் கட்டம் எல்லாம் படித்துறை. தலைமுறை தலைமுறையா மனுஷன் இறங்கிக்கிட்டே இருக்கான். இந்தத் தங்கப் படி நம்பிக்கை. மேல இருக்கற புதர் நாகரிகம், வெளியே கறுப்பாத் தெரியுது, வேருல வெளுத்துக்கிட்டு வருது. இப்படி எடுத்து விட்டேன் பாருங்க. கைதட்டல் நிக்கல. எல்லாரும் படத்தைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க, திரும்பப் படத்தைப் பார்க்கறாங்க, சிரிக்கிறாங்க. அவ்வளவு மரியாதை. எருமைக்காரரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சார், இந்தப் படத்தை இதைவிட யாராலயும் விளக்க முடியாது, நீங்க பேசுறதே போதும்'னாரு. கண்ணுல தண்ணி அவருக்கு.

அப்புறம் ஒரு பேப்பர்காரப் பொண்ணு வந்து, இதுக்குப் பின்னாடி சொந்த அனுபவம் ஏதாவது உண்டான்னு கேட்டுச்சு. செண்பகம் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். உண்டு, சின்ன வயசுல இவ அப்பா கிணத்துல விழுந்து போயிட்டாரு, அந்தக் கறுப்புதான் இதுன்னேன். ஓவியருன்னா ஒரு துக்கம் வேணும் சார், இல்லேன்னா மதிக்க மாட்டாங்க. மறுநாள் பேப்பர்ல படத்தோட வந்துடுச்சு. காலங்காத்தால மன்னார்குடியிலேர்ந்து மாமனார் போன். 'மாப்ளே, நான் செத்ததைப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? வாசல்ல ரெண்டு பேரு மாலையோட வந்து நிக்கிறாங்க, நான் போயி வாங்கிக்கவா'ன்னாரு. மாமா, கலைக்காகத்தானே, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னேன். அந்த மனுஷன் அதுலேர்ந்து என்கூடப் பேசறதில்ல. கிணறே இல்லாத வீட்டுல கிணத்துல தள்ளிட்டானேன்னு கோவம்.

ஆனா செண்பகத்துக்குப் பேரு வந்துச்சா இல்லையா? வந்துச்சு. திருச்சியில கூப்பிட்டாங்க, கோயமுத்தூர்ல கூப்பிட்டாங்க. எல்லா இடத்துக்கும் நான்தான் போயி நின்னு விளக்குவேன். புத்தகம் மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுப்பாங்க, அதுல ஓவியர் தன்னைப் பத்திச் சொல்ற மாதிரி ஒரு பக்கம். அதையும் நானே எழுதிட்டேன். 'நான் தூரிகையைத் தொடுவதில்லை, என் மௌனம்தான் தொடுகிறது' அப்படின்னு ஆரம்பிக்கும். படிச்சுப் பார்த்துட்டு, 'இதுல நான் நான்னு ஒருத்தி வர்றாளே, யாருங்க அது'ன்னா. நீதான்டின்னேன். 'அப்படியா, எங்கயாவது பார்த்தா எனக்கும் அறிமுகப்படுத்தி வைங்க'ன்னுட்டுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு இந்த மாதிரித் துடுக்குப் பேச்சு உண்டு.

சேத்தியாத்தோப்பு வந்துடுச்சா? டீ சொல்லவா? வேணாமா. ஓரத்தை விட்டுடாதீங்க, இனிமே ரோடு மோசம்.

எங்க விட்டேன். ஆங், பல் டாக்டர். அதுதான் முக்கியம். திருச்சியில கண்காட்சி. ஒரு பல் டாக்டர் வந்தாரு. படத்து முன்னாடி நின்னாரு, மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உத்துப் பார்த்தாரு. அப்புறம் செண்பகத்துகிட்டப் போயி, 'அம்மா, இதை என் கிளினிக்குல மாட்டிக்கறேன், குடுங்க, வர்றவங்க நாற்காலியில சாஞ்சா நேரா இதுதான் தெரியணும்'னாரு. என் சம்சாரம் சிரிச்சா பாருங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. மூக்குல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. 'டாக்டர், இத்தனை ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் இது என்னன்னு நேராத் தெரிஞ்சிருக்கு'ன்னா.

எனக்கு எப்படி இருக்கும்? காலத்தைக் கொண்டு போயி பல் ஆஸ்பத்திரியில மாட்டறதா? நான் விடல. அவரை உக்கார வச்சு, குளம், படித்துறை, தலைமுறை, நாகரிகம்னு ஆதியோடந்தமா விளக்கினேன். அவரு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கடைசியில, 'மேல் வரிசையில இடது பக்கம் நல்லாக் கட்டியிருக்காங்க சார், ஈறை மட்டும் பார்த்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் படத்தை வாங்காமலே போயிட்டாரு. விளங்காத ஜென்மம். நான் திரும்பிப் பார்த்தேன். செண்பகம் சிரிப்பெல்லாம் போயி ஓரமா ஸ்டூல்ல உக்கார்ந்திருந்தா.

அந்த வாரமே பையைக் கட்டிட்டா. பாண்டிச்சேரியில ஃபிலோமினான்னு ஒரு அம்மா, சொந்த வீட்டுலயே கண்காட்சி ஹால் வச்சிருக்காங்க, மாடியில வரையறதுக்கு ரூமும் குடுக்கறாங்க. அங்க போறேன்னா. ஏன்டி, இங்க என்ன குறைச்சல்னேன். 'நான் என்ன வரைஞ்சேன்னு எனக்கே மறந்துடும் போல இருக்குங்க. கொஞ்ச நாள் சத்தமில்லாம என் படத்தை நானே பார்க்கணும்'னா. பார்க்கறதுக்கு எதுக்குப் பாண்டி? இங்கயே சுவத்துல மாட்டிப் பாரேன், பக்கத்துல நான் இருக்கேன்ல, சந்தேகம் வந்தாக் கேட்டுக்கலாம்ல? அவ பாட்டுக்குப் பஸ் ஏறிட்டா.

நாலு மாசம் ஆகுது சார். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும், வீடு எனக்குப் பிடிக்கல. காலையில எழுந்து அந்தக் கொல்லைப்பக்க ரூமுல போயி நாற்காலியில உக்கார்ந்துக்குவேன். எதிர்க்க அவ படம் மாட்டற ஸ்டாண்டு சும்மா நிக்கும். ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன், பாதியில நின்னுடும். பால்காரன்கிட்டப் பேசுவேன், கேஸ் சிலிண்டர் போடற பையன்கிட்டப் பேசுவேன். அவனுங்க கையில வண்டிச் சாவியை ஆட்டிக்கிட்டே கேப்பானுங்க. அவ மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க. அவ இல்லாம எனக்கு ஆகாது சார், அதுதான் உண்மை. அவகிட்டச் சொல்லல. போன் பண்ணா, ஈபி பில்லு கட்டியாச்சு, குழாய் ஒழுகுது, இதைத்தான் சொல்லுவேன்.

போன வாரம் அவளே போன் பண்ணா. குரல் நல்லா இருந்துச்சு, பழைய செண்பகம் மாதிரி. 'ஏங்க, பீரோவுக்குப் பின்னாடி சுவத்தைப் பார்த்தாப்ல ஒரு படம் திருப்பி வச்சிருக்கேன், அதை எடுத்துக்கிட்டு வாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா வரைஞ்சது. இங்க எல்லாப் படத்துக்கும் நடுவுல அதைத்தான் மாட்டப் போறேன். அதுக்காகத்தான் மத்ததெல்லாம்'னா. சரின்னேன். 'இன்னொண்ணு. நீங்க வந்து அது முன்னாடி நில்லுங்க. நல்லாப் பாருங்க. ஆனா யாருகிட்டயும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு சாயங்காலம். முடியுமா உங்களால'ன்னா. ஏன், முடிஞ்சா என்னன்னேன். 'முடிஞ்சா மறுநாளே உங்ககூடப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடறேன்.' முடியலேன்னா? 'இங்கயே இருந்துக்கறேங்க. ஃபிலோமினா அம்மா எவ்வளவு நாள் வேணாலும் இருன்னு சொல்லிட்டாங்க'ன்னா.

இதுக்குப் போயி யோசிக்கணுமா? சத்தியம் பண்ணிக் குடுத்தேன். ஒரு வார்த்தை வராதுடி, நான் ஊமைன்னு நினைச்சுக்கன்னேன். சிரிச்சா.

போனை வச்ச கையோட பீரோவை நகர்த்தி, படத்தை வெளியே எடுத்தேன். எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா சார், எனக்கு மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாவம், அவ முடிக்கவே இல்ல.

ஆமா. அதே அளவு, அதே புதர். புதர்கூட இதுல மெத்துன்னு நல்லா இருக்கு, முழுக்க வெள்ளை, கறுப்பு துளிகூட இல்லாம. அதுக்குக் கீழே வட்டத்தையே காணோம். கட்டமும் இல்ல, தங்கமும் இல்ல. வட்டம் வர வேண்டிய இடத்துல லேசா ஒரே ஒரு கோடு, ரெண்டு முனையும் கொஞ்சம் மேல ஏறினாப்ல. ஓரத்துல, மத்த எந்தப் படத்துலயும் இல்லாத மாதிரி, காது மாதிரி வளைஞ்ச சங்கு ஒண்ணு போட்டிருக்கா. பக்கவாட்டுலேர்ந்து சாயங்கால வெயில் வந்து அந்தச் சங்கு மேலயும் கோட்டு மேலயும் விழுது. கலர் எல்லாம் இளஞ்சூடா, தொட்டுப் பார்க்கலாம்னு தோணுற மாதிரி. அதெல்லாம் சரி. ஆனா விஷயமே இல்லையே சார். காலம் எங்க? படித்துறை எங்க? கிளம்பற அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா. இப்போ அதைப் போயி நடுவுல மாட்டினா, வர்றவன் என்ன நினைப்பான்? மத்த பதினஞ்சையும் பாடுபட்டு வரைஞ்சவ இதை மட்டும் பாதியில விட்டுட்டான்னு நினைப்பான். போன்ல சொல்லலாமான்னு பார்த்தேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காளே. பேச்சு மாறக் கூடாதுல்ல.

அதனால நானே முடிச்சுட்டேன்.

ஆமா சார், நானேதான். என்ன பெரிய வித்தை? இத்தனை வருஷம் எதிர்க்க உக்கார்ந்து பார்த்திருக்கேன், வட்டம் எங்க வரும், எவ்வளவு அகலம்னு எனக்குத் தெரியாதா? அவ கலர் டியூப் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பரண் மேல வாசல் கேட்டுக்கு அடிச்ச கறுப்பு எனாமல் பெயிண்ட் பாதி டப்பா இருந்துச்சு. தாம்பாளத்தைக் கவுத்து வச்சுக் கோடு இழுத்து, அவ போட்டிருந்த கோட்டு மேலயே நிறைச்சு அடிச்சுட்டேன். வெள்ளைக் கட்டத்துக்கு ஜன்னல் பெயிண்ட். தங்கத்துக்குக் கொஞ்சம் அலைஞ்சேன், சாமி படத்துச் சட்டத்துக்கு அடிக்கறவன்கிட்ட ஒரு மூடி வாங்கிட்டு வந்தேன். எத்தனாவது கட்டம்னு சந்தேகம் வந்துச்சு, கண்காட்சிப் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தேன், சரியா இடது பக்கம் மூணாவது. புதரையும் அப்படியே விட மனசு வரல, எனாமல் மிச்சம் இருந்துச்சு, கறுப்பாக்கிட்டேன். அடியில மட்டும் ஒரு நூல் வெள்ளை விட்டேன், அவ பாணியிலேயே. சங்கைத் தொடல. அது அழகா இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

இருங்க, ஓரத்தைப் பிரிச்சுக் காட்டறேன். பயப்படாதீங்க, நல்லாக் காஞ்சு போச்சு. பாருங்க. எப்படி? மத்ததோட வச்சா எது அவ போட்டது, எது நான் போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

என்ன சார், முகம் இப்படி ஆயிடுச்சு? பஸ்ல தலை சுத்துதா? ஜன்னலைத் திறந்து விடுங்க, காத்து வரட்டும்.

எதுக்கு மண்ணெண்ணெய்? துடைச்சாப் போயிடுமான்னா, ஏன் போகணும்? கடலூர்ல இறங்கி வாங்கறேன்னு கிளம்பறீங்களே, உக்காருங்க. அதெல்லாம் போகாது. எனாமல் சார் அது. மழை, வெயில் எல்லாம் தாங்குற சாமான். கேட்டுல அடிச்சு எட்டு வருஷம் ஆகுது, ஒரு சொட்டு உரியல. சுரண்டினா அடியில இருக்கறதும் சேர்ந்து வந்துடும். நீங்க நல்ல மனுஷன், என்மேல அக்கறையா ஏதோ சொல்றீங்க, எனக்குத்தான் புரியல. அவகிட்ட முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுங்கறீங்க. அதெப்படி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்கறதுதானே பேச்சு. இத்தனை நாள்ல அவ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். இதைக்கூடக் காப்பாத்தலேன்னா நான் என்ன புருஷன்?

கடலூர் தாண்டினதுலேர்ந்து பார்க்கறேன், அந்த ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வர்றீங்க. களைச்சுப் போயிட்டீங்க. இதோ வந்துடுச்சு, பாண்டி பஸ் ஸ்டாண்டு. மொதல்ல நீங்க எழுந்திருங்க, நான் படத்தை நிமித்திக்கறேன்.

அட, செண்பகம் சார். அதோ, அந்தப் பூக்கடை பக்கத்துல, பச்சைப் புடவை. ஹாலுக்கு வாங்கன்னுதான் சொன்னா, இங்க வர்றேன்னு சொல்லவே இல்ல. தலையில பூ வச்சிருக்கா பாருங்க. நாலு மாசத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கா, நல்லாத்தான் இருக்கா. என்னைப் பார்த்துட்டா. சிரிக்கிறா சார். கையை நீட்டிக்கிட்டு வர்றா, படத்தை வாங்கிக்கறதுக்கு.

அந்த ஓரத்தை விடுங்க சார். ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? விடுங்க, இறங்கணும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவளே பிரிச்சுப் பார்க்கட்டும்.